பாத்ரூம் சுவரில் வெளிறிய தவளை, தொட்டியில் வெள்ளை நுரை. இது மரத்தவளையா?

கன்னங்குறிச்சி_அம்மணி:
வணக்கம். எங்கள் வீடு சேலத்தில் மூக்கனேரி ஏரிக்குப் பக்கம். மழை பிடித்ததிலிருந்து பாத்ரூம் சுவரில், கீசருக்கு மேலே, ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பகல் முழுக்க அசையாது, கை காலை எல்லாம் உடம்புக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு சுண்ணாம்புச் சுவரோடு சுவராக இருக்கும். ராத்திரி ஆளைக் காணோம், விடிந்தால் அதே இடம். சில நாள் வெள்ளையாக இருக்கிறது, சில நாள் காப்பித்தூள் நிறம், அதனால் ஒன்றா இரண்டா என்றே தெரியவில்லை.

கொல்லையில் சிமெண்ட் தொட்டியின் உட்பக்கம், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, கைப்பிடி அளவு வெள்ளை நுரை வேறு. என் மாமியார் "இது தேரை, குழந்தை மேல் பட்டால் பிள்ளை இளைத்துப்போகும், உப்பைப் போடு" என்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. விஷமா?

அப்புறம், ஏற்காட்டில் பச்சை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக ஒரு மரத்தவளை இருப்பதாக வாட்ஸப்பில் படம் சுற்றுகிறது. பெரிய பையன் பார்த்தே ஆகவேண்டும் என்று நிற்கிறான். எங்கே தேடுவது?

ஓணான்_சேலம்:
முதலில் உப்பை எடுத்து வைத்துவிடுங்கள் அக்கா. தவளை தோல் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, உப்பு பட்டால் உடம்பிலுள்ள நீரை இழுத்துக் கொன்றுவிடும். பினாயிலும் அப்படித்தான்.

நீங்கள் சொல்வது நம் ஊரின் சாதாரண மரத்தவளை போலத்தான் இருக்கிறது. அறிவியல் பெயர் பாலிபெடேட்டஸ் மாகுலேட்டஸ், கிரே என்பவர் 1830இல் விவரித்தது. இந்தியாவில் பல இடங்களில் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். வெள்ளையும் காப்பித்தூளும் ஒரே தவளையாக இருக்கலாம், வெளிச்சம், ஈரம், சூடு பார்த்து நிறம் மாறும். அதனால் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், படம் போட்டு "பழுப்புத் தவளை, என்ன இனம்?" என்று கேட்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது தொடையின் பின்பக்கம். உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, காலை நீட்டி ஏறும்போது பாருங்கள். கரும்பழுப்பு நிறத்தில் மஞ்சள் வட்டப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் இதுதான். விரல் நுனியில் அகலமான வட்டத் தட்டு, கண்ணுக்குப் பின்னால் செவிப்பறைக்கு மேலே ஓடும் ஒரு கறுப்புக் கோடு, இவையும் சேர்ந்திருக்க வேண்டும். பெண் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் அதைவிட நன்றாகவே சின்னது. ராத்திரி கதவை விரலால் தட்டுவது போல டக் டக் டக் என்று கேட்டால் அது ஆண்.

நுரை அதன் முட்டைக்கூடு. பெண் ஒரு திரவத்தை வெளியிட்டுப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளிப்பக்கம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நெளிந்து இறங்கித் தண்ணீரில் விழும், அதற்காகத்தான் தண்ணீருக்கு நேர் மேலே வைக்கிறது. தொட்டியில் மீன் விட்டிருந்தால் அத்தனையும் அதற்குத் தீனி. தொட்டியைக் கழுவியே ஆகவேண்டும் என்றால் தட்டையான அட்டையால் கூட்டை அப்படியே வழித்து, நிழலில் ஒரு வாளித் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி வையுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் வேண்டாம்.

குழந்தை இளைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எடை ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், தவளை மேல் பழி போட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். கடிக்காது. தோலில் ஊறும் பசை கண்ணில் பட்டால் எரியும், தொட்டால் கை கழுவுங்கள், அவ்வளவுதான்.

கன்னங்குறிச்சி_அம்மணி:
நன்றி தம்பி. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம், தொடையில் மஞ்சள் புள்ளி இருக்கிறது! ஆனால் வேறொன்று கவனித்தேன். முன்னங்கால், பின்னங்கால் இரண்டாலும் முதுகு, தலை, வயிறு எல்லாவற்றையும் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தது, எண்ணெய் தேய்க்கிற மாதிரி. உடம்பு சரியில்லையா?

ஓணான்_சேலம்:
நல்லாத்தான் இருக்கிறது. தோலில் ஊறும் பசையை உடம்பு முழுக்கப் பூசிக்கொள்கிறது, ஈரம் சீக்கிரம் போகாமல் அது தடுக்கும். இந்த இனத்திடம் அந்தப் பழக்கம் இருப்பதை ஆராய்ந்து 1997இல் கட்டுரையே வந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒரு தவளை பகல் முழுக்கச் சுவரில் உட்கார முடிகிறதென்றால் சும்மாவா.

நாகலூர்_எஸ்டேட்:
ஏற்காட்டுக் கேள்விக்கு நான் சொல்கிறேன். அந்தச் சிவப்புக் கண் படம் மத்திய அமெரிக்கத் தவளை, எங்கள் மலையில் கிடையாது. பச்சையாக, விரல்களுக்கு நடுவே ஆரஞ்சுச் சவ்வோடு மரம் விட்டு மரம் மிதந்து இறங்குவது மலபார் சறுக்குத் தவளை, அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகவேண்டும்.

இங்கே காப்பித் தோட்டத்தில் தேடவேண்டியது புதர்த்தவளையை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இதற்கும் விரல் நுனியில் தட்டு உண்டு, அதனால் தட்டைப் பார்த்ததும் பெரிய மரத்தவளையின் குட்டி என்று எழுதிவிடாதீர்கள். இது நுரைக்கூடு கட்டாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும், தலைப்பிரட்டைக் கட்டமே இல்லை, குளம் குட்டையும் வேண்டாம். இந்தக் கூட்டத்தில் ஒரு பேரினத்துக்கு 2010இல் ராவோர்கெஸ்டஸ் என்று பெயர் வைத்தார்கள், தவளை ஆராய்ச்சியாளர் சி.ஆர். நாராயண ராவ் நினைவாக. படத்தை வைத்து இனம் சொல்வது பெரும் தலைவலி, போனில் சத்தத்தைப் பதிவு செய்தால் அதிக உபயோகம்.

மழை விட்ட ராத்திரி, ஏழு மணிக்கு மேல் வாருங்கள். பக்கத்தில் போனால் கப்சிப் என்று ஆகிவிடும். லைட்டை அணைத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், ஒன்று ஆரம்பித்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு ஆளால் பிடிக்கவே முடியாது, காது ஏமாற்றும். இரண்டு பேர் நாலைந்து அடி தள்ளி நின்று, அவரவருக்குக் கேட்கும் திசைக்கு டார்ச்சை அடியுங்கள், இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இலையில் தொண்டையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உங்கள் பையனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

ஓடோமாஸ் தேய்த்த கையால் தொடக்கூடாது. கிளையை விலக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், மூங்கில் விரியன் இடுப்பு உயரத்தில் சும்மா சுருண்டிருக்கும், அதுவும் தவளைக்குத்தான் வந்திருக்கும். தோட்டம் என்றால் முதலாளியிடமும் காப்புக்காடு என்றால் வனத்துறையிடமும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

மூக்கனேரி_மீன்கொத்தி:
ஒன்று சேர்க்கிறேன். விரல் நுனி கொஞ்சம் அகலமாக இருந்து, உடம்பு குண்டாக, முதுகில் செங்கல் நிறப் பட்டை இருந்தால் அது மரத்தவளை இல்லை, உபெரோடான் என்கிற வேறொரு தவளை வகை. அதுவும் மரம் ஏறும், பொந்தில் உட்காரும், அதனால்தான் குழப்பம். படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, விரல் நுனி தெரிய ஒன்று எடுத்து, உயிரினப் படங்களைப் போட்டு இனம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள், தேதியும் இடமும் மறக்காமல். அக்கா, தொடை படம் கிடைத்தால் இங்கேயும் போடுங்கள்.