ஆறு வாரமாக எடை நகரவே இல்லை, உதவி தேவை

எங்கள் லாப்ரடார் நாய்க்கு ஆறு வயது, பெண், கருத்தடை ஆனது. நாலு மாதம் முன்பு 41 கிலோ. விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்படாது, உடல் பருமனுக்கான மதிப்பெண் ஒன்பதுக்கு எட்டு (கூடக் கூடப் பருமன் அதிகம்) என்றார் மருத்துவர். இலக்கு எடை 30 கிலோ, அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 900 கலோரி. முதல் பத்து வாரத்தில் மூன்றரை கிலோ குறைந்தது, அப்புறம் ஆறு வாரமாக 37.5-லேயே நிற்கிறது.

உணவைக் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் வைக்கிறோம், தின்பண்டம் சுத்தமாக நிறுத்தியாச்சு, காலை மாலை நாற்பது நிமிட நடை. தைராய்டு, கார்டிசால் பரிசோதனை இரண்டும் சரி. வெறும் வயிற்றில் சர்க்கரையும் சரிதான், ஆனால் இன்சுலின் கொஞ்சம் அதிகம். உடம்பில் கொழுப்பு கூடினால் பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினும் கூடும், இருந்தும் பசி அடங்காது என்று மருத்துவர் விளக்கினார். அதைக் கண்ணால் பார்க்கிறேன்: காலித் தட்டை நக்கி நக்கித் தரையெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறாள், ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். மனசு கேட்கவில்லை.

இப்போது கொடுப்பது சாதாரண உலர் தீவனம்தான், புரதம் 22%, கொழுப்பு 12%, நார்ச்சத்து 4%. அளவை இன்னும் குறைக்கப் பயமாக இருக்கிறது, தசையும் சேர்ந்து கரைந்துவிடும்.

அதே கலோரியில் புரதமும் நார்ச்சத்தும் கூடிய உணவுக்கு மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், உங்கள் நாய்க்குப் பசியும் இன்சுலினும் குறைந்து எடை மறுபடி இறங்க ஆரம்பித்ததா?