பிளிங்க்-182: பிரிந்ததும் சேர்ந்ததும், நாம் பார்த்ததும்

ரான்சோ பெர்னார்டோ, சான் டியாகோ

பிளிங்க்-182 என்ற அமெரிக்க ராக் குழுவின் மார்க், டாம், டிராவிஸ் மூவரையும் ஒரே மேடையில் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நடுவில் வேறு ஆட்களோடு பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவரவர் பார்த்ததை எழுதினால் நன்றாக இருக்கும். நான் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து போவே பக்கத்து ஊர்தான். வேலைக்காக இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆனால் பிளிங்க்-182 பிறந்தது இந்தத் தெருக்களில்தான் என்று பலருக்குத் தெரியாது. போவே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டாம் டிலாங், கூடைப்பந்து ஆட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்ததற்காக வெளியேற்றப்பட்டார். கொஞ்ச காலம் ரான்சோ பெர்னார்டோ பள்ளிக்கு வந்தார். அங்கேதான் டிரம்ஸ் வாசிக்கும் ஸ்காட் ரெய்னர் கிடைத்தார். ஸ்காட்டுக்கு அப்போது 14 வயது. ரிட்ஜ்கிரெஸ்ட் என்ற பாலைவன ஊரிலிருந்து கல்லூரிக்காக சான் டியாகோ வந்த மார்க் ஹாப்பஸை, 1992 ஆகஸ்டில் மார்க்கின் தங்கை டாமிடம் அறிமுகப்படுத்தி வைத்தார். அன்றைக்கே டாம் வீட்டு கராஜில் இருவரும் மணிக்கணக்கில் வாசித்தார்கள். டாமை அசத்த வேண்டும் என்று மார்க் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் கணுக்காலை உடைத்துக்கொண்டார். இந்தப் பகுதியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

என் மகள் சின்ன வயதில் மிருதங்கம் படித்தாள், இப்போது டிரம்ஸ் பக்கம் போய்விட்டாள். பிளிங்க் பாட்டுகளை அவள் டிராவிஸ் பார்க்கர் வழியாகத்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் பழைய ஆல்பம் ஒன்றைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது டிராவிஸ் இல்லையே, யார் இது?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1995, 1997 ஆல்பங்கள் இரண்டிலும் வாசித்தது ஸ்காட். வானொலியில் அவர்களை முதன்முதலில் பெரிதாகக் கொண்டுபோன பாட்டிலும் அவர்தான். 1998 டூருக்கு நடுவில் அவரை விலக்கினார்கள். குடிதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அப்போது அவருக்கு இருபது வயதுதான் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பள்ளி நாட்களில் சேர்ந்த மூன்று பேரில் ஒருவர், வெற்றி வாசலுக்கு வந்த நேரத்தில் உள்ளே வராமலே போய்விட்டார்.

அதே டூரில் தி அக்வாபேட்ஸ் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர் டிராவிஸ். இருபது பாட்டை 45 நிமிடத்தில் கற்றுக்கொண்டு அன்றிரவே மேடையேறினார் என்பது பிரபலமான கதை. அடுத்த வருடம், 1999 ஜூனில் வந்த ஆல்பம் உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. தயாரித்தவர் ஜெர்ரி ஃபின். 2001இல் அடுத்த ஆல்பம் அமெரிக்காவில் நேராக முதலிடத்தில் இறங்கியது.

பிளவுக்கு எது காரணம் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் அது 2002. டாம் தனியாக பாக்ஸ் கார் ரேசர் என்று ஒரு குழு ஆரம்பித்தார், டிராவிஸை வாசிக்கக் கூப்பிட்டார், மார்க்கைக் கூப்பிடவில்லை. அந்தக் காயம் உள்ளேயே இருந்தது. ஓய்வில்லாத டூர், வீட்டில் குழந்தைகள், யார் சொல்வது நடக்க வேண்டும் என்ற இழுபறி எல்லாம் மேலே ஏறி, 2005 பிப்ரவரியில் காலவரையற்ற இடைவெளி என்று அறிவித்தார்கள். அப்புறம் மார்க்கும் டிராவிஸும் ஒரு பக்கம், டாம் ஒரு பக்கம். பேச்சுவார்த்தையே கிடையாது.

மகளோடு 2024 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் சோஃபை ஸ்டேடியத்தில் பார்த்தேன். அவள் டிரம்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. டாம் ஏதோ சொல்ல, மார்க் வாய்விட்டுச் சிரித்தார். பத்து வருடம் முன்னால் அந்த இருவரும் வக்கீல் மூலமாகவும் மேனேஜர் மூலமாகவும் பேசிக்கொண்டிருந்தவர்கள். எங்களுக்கு முன்வரிசையில் என் வயதுக்காரர் ஒருவர், மார்க்கின் புற்றுநோயையும் டிராவிஸின் விமான விபத்தையும் பற்றிய அந்த மெதுவான பாட்டு வந்தபோது தோளில் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார்.

காசுக்காகத்தான் சேர்ந்தார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசு 2005லும் இருந்தது. அப்போது அது அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. 2009, 2022 என இரண்டு முறையும் அவர்களை ஒன்றுகூட்டியது அந்த விபத்தும் அந்த நோயும்தான்.

•

ஹோம்புஷ், சிட்னி

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விட்டது ஒன்றை நான் சேர்க்கிறேன்: டிராவிஸ் இல்லாத பிளிங்க்கை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

2013 பிப்ரவரியில் சவுண்ட்வேவ் திருவிழா. மெட்டாலிகா, லிங்கின் பார்க், பிளிங்க் எல்லாம் ஒரே நாளில். ஒலிம்பிக் பார்க் எங்களுக்கு ரயிலில் சில நிமிடம்தான். நான் டிரம்ஸ் பைத்தியம், டிராவிஸைப் பார்க்கவே டிக்கெட் வாங்கினேன். அதற்குள் செய்தி வந்துவிட்டது, டிராவிஸ் ஆஸ்திரேலியா வரமாட்டார், பேட் ரிலிஜன் குழுவின் புரூக்ஸ் வாக்கர்மேன் வாசிப்பார் என்று. எங்கள் கூட்டத்தில் ஒருவன், "ஐந்து வருஷம் ஆச்சு, இன்னுமா பயம்?" என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

2008 செப்டம்பர் 19. தென் கரோலினாவின் கொலம்பியா விமான நிலையத்தில் ஒரு சின்ன ஜெட் மேலே எழும்பாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய்த் தீப்பிடித்தது. உள்ளே ஆறு பேர். விமானிகள் இருவர், டிராவிஸின் உதவியாளர், பாதுகாவலர் என நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். டிராவிஸும் டிஜே ஏஎம் என்கிற ஆடம் கோல்ட்ஸ்டீனும் எரியும் உடையோடு வெளியே வந்தார்கள். டிராவிஸுக்கு உடம்பில் 65 சதவீதம் தீக்காயம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சை. கூடப் பிழைத்த ஆடமும் அடுத்த வருடமே இறந்துபோனார். இதெல்லாம் நடந்தவரைப் பார்த்து விமானத்தில் ஏறு என்று யார் சொல்ல முடியும்? ஐரோப்பாவுக்கு அவர் கப்பலில் போனார். ஆஸ்திரேலியாவுக்கு அப்படி வருவது நடக்காத காரியம்.

முதல் மறுசேர்க்கையும் அந்த விபத்தால் வந்ததுதான். டாம் கடிதம் எழுதினார், பேச்சு தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் ஜெர்ரி ஃபின் இறந்திருந்தார், அதுவும் எல்லோரையும் உலுக்கியிருந்தது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் மூன்று பேரும் ஏறி நின்று மறுபடி சேர்ந்துவிட்டோம் என்றார்கள். டிராவிஸின் கையில் அப்போது கட்டு இருந்தது.

சரி, அந்த 2013 இரவுக்கு வருகிறேன். வாக்கர்மேன் பிரமாதமாக வாசித்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் டிராவிஸ் பாட்டுக்கு நடுவே நுழைக்கும் அந்தச் சின்னச் சின்ன அடிகள், ஆல்பத்தில் கேட்டுக் கேட்டு நம் விரலுக்கே பழகிப்போனவை, அவை வேறு மாதிரி வரும்போது உடம்பு சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு குழுவில் ஆள் மாறுவது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

2021 ஆகஸ்டில் டிராவிஸ் மறுபடி விமானத்தில் ஏறினார் என்ற செய்தியைப் படித்ததும் நான் மனைவியை எழுப்பிச் சொன்னேன். 2024 பிப்ரவரியில் அதே ஒலிம்பிக் பார்க், குடோஸ் பேங்க் அரங்கம். டிராவிஸ் வந்திருந்தார். முதல் பாட்டின் முதல் அடி விழுந்ததும் அரங்கம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. அந்த ஒரு அடிக்காகவே பதினோரு வருடம் காத்திருக்கலாம்.

•

ஸ்கார்பரோ, கனடா

எனக்கு ரொக் இசை பெரிசாகத் தெரியாது. நான் புற்றுநோய்ப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். என்னுடைய சந்திப்பு மேடையில் நடந்ததில்லை.

2021 ஜூனில் மார்க் ஹாப்பஸ் கீமோ ஏறிக்கொண்டிருக்கும் படத்தை நெருங்கிய நண்பர்களுக்கு என்று போட, அது தவறுதலாக எல்லோருக்கும் போய்விட்டது. அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெடியன், அதே வகை லிம்போமா, என்னிடம் போனை நீட்டி, "அக்கா, இவருக்கும் எனக்கு வந்ததுதான்" என்றான். பிறகு, "நாலாம் கட்டமாம், என்னைவிட மோசம்" என்றான்.

நாலாம் கட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கட சனம் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடும். லிம்போமாவில் கணக்கு வேறு. அது நிணநீர் வழியாக ஓடுகிற நோய். உடம்பில் பல இடத்தில் பரவியிருந்தாலும் மருந்துக்குக் கேட்டு முழுதாகக் குணமாகிறவர்கள் நிறையப் பேர். நான் எத்தனை தரம் சொல்லியும் அந்தப் பிள்ளையின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. மார்க்கின் தாயாருக்கும் அதே நோய் வந்து குணமானவர் என்று அவன் வாசித்த நாளில்தான் வந்தது. செப்டம்பர் கடைசியில் மார்க்குக்குப் புற்று இல்லை என்று அறிவித்தபோது, அவன் எங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். தன்னுடைய ஸ்கான் முடிவைப் போல எழுதியிருந்தான். அவனும் இப்போது நலம்.

2015இல் மறுபடி பிரிந்து போயிருந்த டாம் இதை எப்படி அறிந்தார் என்பதையும் அவன்தான் சொன்னான். இருவரும் சேர்ந்து முதலிட்டிருந்த ஒரு கட்டடத்தில் இருந்து விலகுவதற்குக் கையெழுத்து வேண்டும் என்று டாம் செய்தி அனுப்ப, அந்தப் பேச்சில்தான் நோய் விஷயம் வெளியே வந்ததாம். அதற்குப் பிறகு இருவரும் நாளும் பேசத் தொடங்கினார்கள். மூவரும் ஒரு அறையில் இருந்து மனதில் கிடந்ததை எல்லாம் கதைத்தார்கள். நான் இதை அடிக்கடி வேலைத்தலத்தில் காண்கிறேன். வருஷக்கணக்காகக் கதைக்காத அண்ணனும் தம்பியும் கீமோக் கதிரைக்கு இரண்டு பக்கமும் வந்து இருப்பார்கள். எல்லோரும் வருவதில்லை. வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றைய வேலை பாரமாகத் தெரியாது.

•

அரோரா, சிகாகோ அருகில்

எல்லோரும் மூவரைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் நான்காவது ஆளைப் பற்றி எழுத வேண்டும். மாட் ஸ்கிபா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அவருடைய அல்கலைன் ட்ரியோ 1996இல் இங்கே தொடங்கிய குழு.

2015 ஜனவரியில் டாம் மறுபடி விலகினார், அல்லது விலக்கப்பட்டார். இரண்டு தரப்பும் இரண்டு கதை சொன்னது, பகிரங்கமாகவே சண்டை போட்டார்கள். ஒப்புக்கொண்ட மேடைகள் காத்திருந்தன. மார்ச்சில் டாமின் இடத்தில் ஸ்கிபா வந்து நின்றார். டாமின் குரலை மூக்கால் பாடுவது என்று கேலி செய்தவர்களே, ஸ்கிபா பாடியதும் டாம் வேண்டும் என்று கத்தினார்கள். அந்த இடத்தில் நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

2016இல் சிகாகோ பக்கம் அவர்களைப் பார்த்தேன். ஸ்கிபா டாமைப் போலப் பாட முயலவே இல்லை. தன் குரலில், கொஞ்சம் இருட்டான அந்தக் குரலில் பாடினார். பழைய பாட்டுகளுக்கு அது பொருந்தவில்லை என்று என் கூட வந்த நண்பர் சொன்னார். எனக்குப் பொருந்தியது. அந்த வருட ஆல்பம், வாரக்கணக்காக ராப் பாடகர் டிரேக் உட்கார்ந்திருந்த முதலிடத்தைப் பிடித்தது. அந்தக் குழுவுக்கு கிராமியில் முதல் பரிந்துரை கிடைத்ததும் ஸ்கிபா இருந்த அந்த ஆல்பத்துக்குத்தான். 2019இல் இன்னொரு ஆல்பமும் வந்தது. ஏழு வருடம் அவர் பேண்டை உயிரோடு வைத்திருந்தார்.

2022இல் அவரிடம் நீங்கள் இன்னும் பிளிங்க்கில் இருக்கிறீர்களா என்று கேட்டபோது, உங்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும் என்கிற மாதிரி பதில் சொன்னார். படித்தபோது எனக்கு வலித்தது. அக்டோபரில் டாம் திரும்பிவிட்டார் என்று அறிவிப்பு வந்தது. அன்று டாம் செய்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. தான் இல்லாத காலத்தில் பேண்டைக் காப்பாற்றியதற்கு நன்றி என்று ஸ்கிபாவுக்கு எழுதி, அதை எல்லோரும் பார்க்கப் போட்டார். ஸ்கிபாவும் மனதார வாழ்த்தினார். 2024 தொடக்கத்தில் அல்கலைன் ட்ரியோவின் புது ஆல்பம் வந்தது. கேட்காதவர்கள் கேளுங்கள்.

2023 மே மாதம் மூவரையும் சிகாகோவில் பார்த்தேன். ஸ்கிபா காலத்துப் பாட்டு எதையாவது டாம் பாடமாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சான் டியாகோக்காரரே, ஸ்காட் ரெய்னர் இருந்த காலத்தில் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

•

ரான்சோ பெர்னார்டோ, சான் டியாகோ

ஸ்கிபாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் ஆபீஸில் ஒருவரைக் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். பள்ளிப் பையனாக இருந்தபோது சோமா அரங்கத்துக்குப் போனவர். வயது வரம்பு கிடையாது என்பதால் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போவார்களாம். புதுக் குழுக்களைக் கீழே நிலவறையில் வாசிக்கவிடுவார்கள், கூட்டம் சேர்ந்தால்தான் மேல்தள மேடை. பிளிங்க்கும் அந்த நிலவறையில் தொடங்கி மேலே ஏறிய குழு. ஸ்காட் அப்போதே பயங்கர வேகம் என்றார். மெட்டல் கேட்டு வளர்ந்த பையன், அதனால் எல்லாப் பாட்டையும் முன்னால் தள்ளிக்கொண்டே போவானாம்.

மகளிடம் இதைச் சொன்னேன். அந்த முதல் இரண்டு ஆல்பத்தையும் டிரம்ஸில் வாசித்துப் பழக ஆரம்பித்திருக்கிறாள். டிராவிஸ் பாட்டைவிட இது சுலபம் என்று நினைத்தாளாம், அப்படி இல்லையாம். அந்த நண்பரை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், மீதியையும் கேட்டு எழுதுகிறேன்.