12 பேர், ஒரு மாப்பிள்ளை, தெமெங்கோர் ஏரி: எந்த வாரம், எங்கே தங்குவது, என்ன கட்டிக்கொண்டு போவது?

சுங்கை_லயம் கேட்டது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்புகிறோம், மாப்பிள்ளையோடு சேர்த்து 12 பேர். கல்யாணம் ஐப்பசியில், தீபாவளி முடிந்து. அதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு ஏரிக்கரையில் தங்கி, தூண்டில் போட்டு, கோழி சுட்டுச் சாப்பிட்டு வரலாம் என்று பேச்சு. பண்டிங் பக்கம் தெமெங்கோர் ஏரி முதல் யோசனை.

தெரிய வேண்டியது: எந்த வாரம் நல்லது? கரையில் குடில் எடுப்பதா, படகு வீடா? சாமான் எவ்வளவு? மூன்று பேர் சைவம். நாலு பேர் குடிக்கமாட்டார்கள். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. காசு பிரிப்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். கேமரன் மலைக்குப் போங்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், அந்தத் தீர்மானம் ஏற்கெனவே தோற்றுவிட்டது.

கிரிக்_ரோடு பதில்:

முதலில் தேதி. ஐப்பசிக் கல்யாணம் என்றால் புரட்டாசி நடுவில் வந்து நிற்கும். செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்ததும் உங்கள் சைவக் கணக்கு மூன்றிலிருந்து எட்டு ஒன்பதாக ஏறிவிடும், கோழி சுட ஆள் இருக்காது. ஆகவே ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். அதிலும் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 16 இரண்டும் பொது விடுமுறை. அவற்றை ஒட்டிய வாரக் கடைசியில் படகும் கிடைக்காது, விலையும் இறங்காது. செப்டம்பர் முதல் அல்லது இரண்டாவது சனிக்கிழமைதான் சரியான இடைவெளி.

பந்தக்கால் ஊன்றி, நலங்கு வைத்த பிறகு மாப்பிள்ளையை வெளியே விட வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள். அது இருக்கட்டும். வெயிலில் உரிந்த மூக்கும் கொசுக்கடியும் ஆற மூன்று வாரமாவது வேண்டும். ஆவணியில் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும்.

கூட்டத்தில் கெடாவில் பள்ளி ஆசிரியரோ அரசாங்க வேலைக்காரரோ இருந்தால் இப்போதே கேளுங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள், விடுப்பு எடுத்தாக வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தால் 12 பேர் பத்தாகிவிடும், தலைக்கு வரும் காசு கூடிவிடும்.

வழி: சுங்கை சிப்புட், கோலகங்சார், லெங்கோங், கிரிக். கிரிக் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கிருந்து பண்டிங் முக்கால் மணி. வெள்ளி ராத்திரி வேலை முடிந்து நேராகப் போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கிரிக்குக்கு அப்பால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் விளக்கு கிடையாது, யானை ரோட்டுக்கு இறங்கும். யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சனி காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கிரிக்கில் பசியாறலாம். பெட்ரோல், ஐஸ், ரொக்கம் எல்லாம் கிரிக்கிலேயே முடித்துவிடுங்கள். ஏரிக்குள் போன பிறகு கடை கிடையாது, கைப்பேசிக்கு லைனும் கிடைக்காது. எந்தப் படகு, எந்தத் துறை, ஞாயிறு எத்தனை மணிக்குக் கரை என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குடிலா படகு வீடா என்றால், 12 பேருக்குப் படகு வீடு. கரைக் குடிலில் மூன்று நாலு அறையாகப் பிரிந்து ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். படகு வீட்டில் எங்கும் ஓட முடியாது, மாப்பிள்ளையும் தப்ப முடியாது. பணம் கட்டுவதற்கு முன் படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை: ஜெனரேட்டர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடும், சிறிய வேகப்படகு வாடகையில் அடக்கமா, லைஃப் ஜாக்கெட் எத்தனை, பெரிய அளவு உண்டா. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு வடக்கே ரோயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் போவதாக இருந்தால் அனுமதி வேண்டும். பெரும்பாலும் படகுக்காரரே எடுத்துத் தருவார், ஆனால் 12 பேருடைய ஐசி (அடையாள அட்டை) விவரமும் முன்கூட்டியே கேட்பார்.

சமையல்காரர் மலாய்க்காரர் என்றால் அடுப்படி ஹலால் அடுப்படி. பன்றி இறைச்சி ஏற்றக்கூடாது, பீர் ஏற்றலாமா என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலை வாட்சாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடும் அவர்களுடையதே என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். துறையில் நின்று சொன்னால் சமைத்தது சமைத்ததுதான்.

அடுப்படி_அண்ணன் பதில்:

சாப்பாடு நீங்களே பார்த்துக்கொள்வதாக வைத்துக் கணக்கு சொல்கிறேன். சனி மதியம், ராத்திரி, ஞாயிறு பசியாறல், மதியம்: நாலு வேளை.

அரிசி ஆளுக்கு 150 கிராம். இரண்டு மதியத்துக்கும் சேர்த்து 4 கிலோ போதும். ஆட்டிறைச்சி எலும்போடு 2.5 கிலோ, ஒன்பது பேருக்கு. இதை அங்கே போய் வேகவைக்காதீர்கள். வெள்ளி காலையிலேயே வீட்டில் பெரட்டல் செய்து, அகலமான தட்டில் பரப்பிச் சூடு ஆற்றி, பையில் தட்டையாக அடைத்து உறையவைத்துவிடுங்கள். படகில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் போதும். தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் சமைத்துக் கொண்டுபோக வேண்டாம், முதலில் புளிப்பது அதுதான். தேவையென்றால் பெட்டிச் சந்தான் (பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால்) கொண்டுபோய் அங்கே ஊற்றுங்கள்.

கோழி மூன்று, ஒவ்வொன்றும் 1.8 கிலோ அளவில், எட்டெட்டாக வெட்டி 24 துண்டு. உப்பு தலை தட்டி நாலு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஆறு, மஞ்சள் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது 300 கிராம், நாலு எலுமிச்சை. கால் துண்டுகளை எலும்பு வரை கீறிவிடுங்கள். சீனியும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) ஊறலில் சேர்க்கக்கூடாது, கடைசிப் பத்து நிமிடத்தில் பூச வேண்டும். வெளியே கரி, உள்ளே ரத்தம் என்று வருவதற்குக் காரணம் இரண்டு: சீனி கருகுவது, தீ எரியும்போதே கோழியை வைப்பது. கரி மேலே சாம்பல் பூத்து வெள்ளையாக அரை மணி நேரம் ஆகும். அதுவரை பொறுத்து, கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்து மூடி வேகவிட்டு, கடைசியில் தணலுக்கு மேலே தள்ளி நிறம் ஏற்றுங்கள். கரி 8 கிலோ. பற்றவைக்கப் பெட்ரோல் ஊற்றுகிறவனைத் தண்ணீரில் தள்ளலாம், ஜாக்கெட் போட்டுவிட்டு.

சைவத்துக்கு தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) ஒரு கிலோ, தவ்கூவா (கெட்டி டோஃபு) பத்து, சோளம் 12, உருளைக்கிழங்கு. சோளமும் கிழங்கும் எல்லாரும் தின்பார்கள், அதனால் மூன்று பேர் கணக்கில் வாங்கினால் அந்த மூவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர்களுக்குத் தனிக் கம்பி வலை. அவர்களுடையதை முதலில் சுட்டுவிட்டுக் கோழியை ஏற்றுங்கள். ரொட்டி ஆறு பாக்கெட்.

ஞாயிறு காலை உப்புமா. 1.2 கிலோ ரவையைக் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாயோடு வீட்டிலேயே வறுத்து டப்பாவில் அடைத்துவிட்டால், அங்கே வெங்காயம் வதக்கித் தண்ணீர் கொதிக்கவைக்கும் வேலைதான். ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர்.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். மொத்தம் 72 லிட்டர், அதாவது ஒன்றரை லிட்டர் போத்தல் 12 கொண்ட பெட்டி நாலு. அதில் பத்துப் போத்தலை வியாழனன்றே உறையவைத்துவிடுங்கள். ஐஸாகவும் உதவும், உருகினால் குடிக்கலாம்.

ஐஸ் பெட்டி இரண்டு வேண்டும். பச்சை இறைச்சிப் பெட்டி சமைக்கும்போது மட்டும் திறக்கும் பெட்டி. பானப் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டி. இரண்டையும் ஒன்றாக்கினால் ராத்திரிக்குள் கோழி வெதுவெதுப்பாகிவிடும். கிரிக்கில் வாங்கும் குழாய் ஐஸ் பானத்துக்கு, இறைச்சிக்குக் கட்டி ஐஸும் உறைந்த போத்தலும்.

சுங்கை_லயம்:

நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். டப்பா கேஸ் அடுப்பு இரண்டு இருக்கிறது, போதுமா? பீர் எத்தனை?

அடுப்படி_அண்ணன் பதில்:

அடுப்பு போதும், பாத்திரம்தான் கவனம். அடுப்பைவிட அகலமான அண்டாவை ஏற்றினால் சூடு திரும்பிக் கேஸ் டப்பா மேலே அடித்து, டப்பா வெடிக்கும். இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து மேலே ஒரே சட்டியைப் போடுவது அதைவிட மோசம். 12 பேர் சோற்றை இரண்டு பானையில் வடியுங்கள். முழுத் தீயில் ஒரு டப்பா ஒன்றரை மணி நேரம் வரும், எட்டு டப்பா வாங்குங்கள். மழை வந்தது என்று கரி அடுப்பை உள்ளே தூக்கிவராதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை வாசமில்லாமல் ஆளை முடிக்கும்.

பீர் கணக்கை அடுத்தவர் சொல்லட்டும்.

தோமான்_தூண்டில் பதில்:

எத்தனை டின் என்பதைவிட ஞாயிறு யார் காடி (கார்) ஓட்டுவது என்பதுதான் கேள்வி. 320 மில்லி டின், ஐந்து சதவீதம் என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 12 கிராம் ஆல்கஹால். உடம்பு அதை மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். எட்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரை எட்டு டின் போட்டவனுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கும் முழுதாக இறங்காமல் இருக்கலாம். குளித்தாலும் கோப்பி குடித்தாலும் இது வேகமாகாது. 2020 அக்டோபரிலிருந்து சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், மூச்சில் 22 மைக்ரோகிராம். முன்பு 80, 35 என்று இருந்தது. முதல் தடவை பிடிபட்டாலே அபராதம் 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்), சிறையும் உண்டு. கல்யாணச் செலவோடு இதைத் தாங்க முடியாது. உங்களிடம் குடிக்காதவர் நாலு பேர், காடி மூன்று போதும். சாவியைச் சனி மதியமே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், நாலாவது ஆள் மாற்று ஓட்டுநர். கூட்டத்தில் 21 வயது ஆகாத தம்பி யாராவது இருந்தால் அவனுக்கு வாங்கித் தருவதும் கிடையாது.

இப்போது தண்ணீர். 1970களில் அணை கட்டி நீர் தேக்கியபோது காட்டு மரங்கள் நின்றபடியே மூழ்கின. செத்த மரங்கள் இன்னும் அடியில் நிற்கின்றன, நீர் மட்டம் ஏறி இறங்குவதால் நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று கொம்பு ஒரு முழம் கீழே இருக்கலாம். மேல்தளத்திலிருந்து குதிப்பது முழுக்கத் தடை. மாப்பிள்ளையை நாலு பேர் தூக்கி எறியும் விளையாட்டு தொடங்கும் இடமும் அதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

நீச்சல் தெரியாத இரண்டு பேருக்கும் ஜாக்கெட்டை இப்படிச் சோதியுங்கள்: போட்டு வாரை இறுக்கிய பிறகு, பின்னாலிருந்து தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அது தண்ணீரிலும் ஏறும், முகம் உள்ளே போகும். நூறு கிலோவுக்கு மேல் உள்ளவருக்குச் சாதாரண அளவு முன்பக்கம் மூடாது. அதற்குத்தான் மேலே ஒருவர் பெரிய அளவு கேட்கச் சொன்னார். முதல் டின் உடைத்தபின் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. குளியலைச் சனி மதியத்துக்குள் முடியுங்கள். இரண்டு மூன்று மணிக்கு மேல் இடிமழை வரும், இடி கேட்டால் தண்ணீரிலும் சிறு படகிலும் ஆள் இருக்கக்கூடாது.

தூண்டில்: தோமான், செபாரா மீன்களுக்கு விடிகாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, மூழ்கிய மரங்களை ஒட்டி. தோமானுக்குப் பல் உண்டு. வெறும் நரம்பு அறுந்துவிடும், முனையில் ஒரு சாண் கம்பி கட்டுங்கள். மீன் கிடைத்தால்தான் சாப்பாடு என்று திட்டம் போட்டுவிடாதீர்கள், 12 பேரும் பட்டினி.

அருவிக்கு நடந்தால் அட்டை ஏறும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகினால் பாதி தொல்லை போகும். கையில் காலில் புண் இருப்பவர் ஒட்டுப்பிளாஸ்திரி போட்டுக்கொண்டு இறங்குங்கள், ஏரித் தண்ணீரை விழுங்காதீர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாளில் தலைகாட்டும், சில நேரம் ஒரு மாதம் வரை ஆகும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் ஏரியில் குளித்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அந்தச் சோதனை எடுப்பார்கள். அவசரத்துக்கு அருகில் இருப்பது கிரிக் மருத்துவமனை.

ஒரு மாற்றுக் கருத்து: இவ்வளவு தூரம் வேண்டாம் என்று யாராவது இழுத்தால் லெங்கோங் பக்கம் ராபான் ஏரி உண்டு. பேராக் ஆற்றின் செண்டரோ அணைத் தேக்கம், பண்டிங் போகிற அதே ரோட்டில்தான் இருக்கிறது. காட்டுக்குள் போன உணர்வு வராது. ஆனால் கெடா ஆசிரியர் ஞாயிறு விடுப்புக் கிடைக்காமல் சனி ராத்திரியே திரும்ப வேண்டுமென்றால் அங்கிருந்து முடியும், தெமெங்கோர் நடுவிலிருந்து முடியாது.

கணக்குப்பிள்ளை பதில்:

காசு. மாப்பிள்ளை கட்டமாட்டார், ஆகவே 11 பங்கு. எடுத்துக்காட்டாக எல்லாம் சேர்த்து 3,300 வெள்ளி வந்தால் தலைக்கு 300. அதை இரண்டாகப் பிரித்து, முன்பணம் கட்டும் அன்றே 150, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் மீதி 150, ஒரே ஆளுடைய டுயிட்நவ் (கைப்பேசிப் பணமாற்று) எண்ணுக்கு. திரும்பி வந்து தொங் தொங் (செலவைப் பங்கு பிரிப்பது) போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு பேர் காசு தீபாவளிக்கும் வராது. முதல் 150 திரும்பக் கிடையாது, வராதவர் தனக்குப் பதில் ஆள் பிடிக்கலாம் என்று குழுவில் முன்பே எழுதிவிடுங்கள். பீரைப் பொதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடிக்காத நாலு பேரும் காடி ஓட்டிவிட்டு அதற்கும் காசு கட்டுவது நியாயமில்லை. பெட்ரோலும் டோலும் பொதுக் கணக்கில், ஓட்டுநர் தலையில் இல்லை.

சுங்கை_லயம்:

செப்டம்பர் இரண்டாவது சனி என்று குழுவில் போட்டுவிட்டேன். பெரிய அளவு ஜாக்கெட் மூன்று வேண்டும் என்று படகுக்காரருக்குச் செய்தியும் போய்விட்டது. தெம்பே இங்கே பசாரில் வெள்ளிக்கிழமை வாங்கினால் ஞாயிறு வரை தாங்குமா?

அடுப்படி_அண்ணன் பதில்:

ஐஸில் வைத்தால் தாங்கும். ஈரம் படாமல் இலையோடு டப்பாவில் போட்டு, இறைச்சிப் பெட்டியில் வைக்காமல் பானப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள்.