எத்தனை தலைக்கட்டு?

குழு: கண்மாய்க்கரை வீடு, சிங்கப்பூர் கிளை

கடைக்குட்டி (இரவு 8:05): பள்ளியில் பூர்வீக ஊரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பேர்? என்ன தொழில்? நாளைக்குள் வேண்டும்.

பெரியப்பா, ஈசூன் (8:07): 112 தலைக்கட்டு.

கடைக்குட்டி: தலையை எதற்குக் கட்டினார்கள்?

பெரியப்பா: கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி அதன்படிதான். நானும் உன் அப்பாவும் தனித்தனி. முப்பது வருடமாக இங்கிருந்து அனுப்புகிறேன்.

அத்தை, ஜூரோங்: எங்களை எண்ணாத கணக்கு அது. பிள்ளைக்கு அரசாங்கக் கணக்கைச் சொல்லுங்கள் அண்ணா.

சித்தப்பா, விடுதி (8:16): இப்போதுதான் லாரியிலிருந்து இறங்கினேன். 2011 கணக்கெடுப்பில் ஊர்வாரியாக இருக்கிறது: ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிவு, தொழில். அடுத்தது 2021இல் எடுத்திருக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போய், 2027 பிப்ரவரியில் ஆளெண்ணுவதாக அறிவித்திருக்கிறார்கள்.

பெரியப்பா: நம்மையும் சேர்க்கச் சொல்.

சித்தப்பா: எண்ணுகிற நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரைச் சேர்க்கமாட்டார்கள் அண்ணா. நாம் யாரும் வரமாட்டோம். திருப்பூரில் இருக்கிறவர்களை அங்கேயே எண்ணிவிடுவார்கள்.

பெரியப்பா: சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எல்லோரும் வருவோமே!

சித்தப்பா: அந்த வருடம் சிவராத்திரி மார்ச் 6. எண்ணிக்கை பிப்ரவரியோடு முடிகிறது.

அத்தை: நல்ல கதை. ஊர் நிரம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கணக்கை மூடுகிறார்கள்.

கடைக்குட்டி: தொழில்?

சித்தப்பா: சாகுபடி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை என்று நான்கு வகை. வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்களுக்குத் தனிப் பட்டியல்.

கடைக்குட்டி: அப்பத்தா எதில் வருவார்?

அத்தை: அதைத்தான் சொல்ல வருகிறேன். முதுகுளத்தூர் பக்கம் எல்லாம் வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் சொந்த நிலத்தில் புழுதியிலேயே நெல் விதைப்பார். கண்மாய் நிறைந்தால் தையில் அறுப்பு, இல்லாவிட்டால் வைக்கோல்தான். மாசியிலிருந்து அடுத்தவர் கொல்லையில் மிளகாய்ப் பழம் எடுக்கக் கூலிக்குப் போவார். உருண்டையான முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். பறிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. இரவில் அந்தக் கையால் உன் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, அவன் அலறியதில் தெருவே எழுந்துவிட்டது. அதன் பிறகு மோரில் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கியதில்லை. மிச்ச நாட்களில் நூறு நாள் வேலை, ஆடு. இப்போது சொல், எந்த வகை?

சித்தப்பா: கரிமூட்டத்தை விட்டுவிட்டாயே அக்கா. சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசித் தீ வைத்தால் நாள்கணக்கில் புகையும். வெள்ளைப் புகை நீலமாகும் வரை அப்பா தூங்கமாட்டார். மண் எங்காவது உள்வாங்கினால் காற்றுப் புகுந்து மொத்தமும் சாம்பல்.

கடைக்குட்டி: தாளில் 'முக்கியத் தொழில்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

பெரியப்பா: அங்கே இன்னும் ஏழு மணி ஆகவில்லை. அப்பத்தாவையே கேள்.

கடைக்குட்டி (9:24): கேட்டேன். எத்தனை பேர் என்றால், "இன்றைக்கா, சிவராத்திரிக்கா?" என்கிறார். தொழில் என்னவென்று கேட்டேன். "ஓர் ஆடு இன்னும் வீடு திரும்பவில்லை, போனை வை" என்று வைத்துவிட்டார்.

பெரியப்பா: எந்த ஆடு? கொம்பு உடைந்ததா?