இறந்தவரின் முகத்தை ஏஐயில் கொண்டுவரலாமா? மகள் வேண்டாம் என்கிறார்

ஒரு சிறு படத்துக்கு எடிட்டிங் செய்கிறேன். படப்பிடிப்பு முடிய நான்கு நாள் இருக்கும்போது முக்கிய நடிகர் மாரடைப்பில் இறந்துவிட்டார். இரண்டு காட்சிகள் பாக்கி. முகத்தையும் குரலையும் ஏஐயில் செய்து முடித்துவிடலாம் என்கிறார் இயக்குநர். மூன்று வாரத்தில் எடிட்டை இறுதி செய்தாக வேண்டும்.

மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகளோ, "அப்பா பேசாததைப் பேசின மாதிரி காட்டாதீங்க" என்கிறார். ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் மாதிரி, இறந்தபின் 25 ஆண்டுகள் தன் உருவத்தைத் தொடக்கூடாது என்று இவர் எழுதிவைக்கவும் இல்லை.

டூப்பை வைத்து முதுகுப்பக்கமாக எடுத்ததில் ஒரு காட்சி தேறியது. மற்றது மகனை மன்னிக்கும் குளோசப். முகம் இல்லாமல் நிற்காது. பழைய டேக்குகளையெல்லாம் துழாவினேன், எதுவும் பொருந்தவில்லை. 40 நிமிட டப்பிங் பதிவை வைத்துக் குரலையும் செய்து பார்த்தோம். வசனத்துக்கு முன்னால் அவர் லேசாக மூச்சை இழுப்பார். அந்த மூச்சு இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

2015-ல் வந்த ஹாலிவுட் படம் 'ஃபியூரியஸ் 7'-இல், படப்பிடிப்பு முடியுமுன் இறந்துபோன நடிகர் பால் வாக்கருக்காக அவருடைய தம்பிகளே கேமரா முன் நின்றார்கள். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏஐயில் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் சொன்னார். எங்களுக்கோ வீடே இரண்டாக நிற்கிறது.

மனைவியின் கையெழுத்தை மட்டும் வைத்து, மகளின் மறுப்பை மீறி அந்த குளோசப்பைச் செய்வது முறையா?