8 மாதக் குழந்தை, ஓட்டுவது நான் மட்டும்: கார் சீட்டை என் பக்கத்தில் முன்னால் வைக்கலாமா?

பொள்ளாச்சி_ரோடு:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு 8 மாதம், எட்டரை கிலோ. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். சரவணம்பட்டியிலிருந்து பொள்ளாச்சி அம்மா வீட்டுக்கு வாரம் ஒரு முறை நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். வண்டி 2022 மாடல் சின்ன ஹேட்ச்பேக், முன்னால் இரண்டு ஏர்பேக். இத்தனை நாள் மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொள்வார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, ஒரு மாதமாவது வர முடியாது. அதனால் ஒரு கார் சீட் வாங்கிவிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால், பின்சீட்டில் வைத்தால் அவள் முகம் எனக்குத் தெரியாது. அழுதால், வாந்தி எடுத்தால் என்ன செய்வேன்? பக்கத்திலேயே வைத்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரும் "ஏர்பேக்தான் இருக்கே மேடம், தாராளமா முன்னாடி வைங்க" என்றார். என் தம்பியோ ஏர்பேக்தான் குழந்தைக்கு எமன் என்கிறான். காப்பாற்ற வைத்த ஒன்று எப்படி எமன் ஆகும் என்று கேட்டால், யூடியூபைப் பார் என்கிறான். இன்னொன்று, கூட வந்த புத்தகத்தில் சீட்டைப் பின்பக்கம் பார்த்து மாட்டச் சொல்லியிருக்கிறது. மாட்டிப் பார்த்தேன், பாப்பாவின் கால் சீட்டின் சாய்வில் முட்டி மடங்கி நிற்கிறது. பாவமாக இருக்கிறது. முன்பக்கம் பார்த்துத் திருப்பிவிடலாமா?

பழைய_ஸ்பேனர்:

அம்மணி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் வேண்டவே வேண்டாம். பின்சீட், இடது பக்கம், பின்பக்கம் பார்த்தபடி. உங்கள் தம்பி சொன்னது சரி, காரணம்தான் சொல்லத் தெரியவில்லை.

ஏர்பேக்கைப் பலரும் தலையணை மாதிரி நினைக்கிறார்கள். விரிந்து முடித்த பிறகுதான் அது தலையணை. விரிகிற அந்த நொடியில் அது ஒரு குத்து. மோதியதைச் சென்சார் கண்டதும் உள்ளே ஒரு சின்ன ரசாயன வெடி, அதிலிருந்து வரும் வாயு பையை நிரப்புகிறது. எல்லாம் நொடியில் நூற்றில் மூன்று நான்கு பங்குக்குள். நாம் கண் இமைக்க ஆகும் நேரத்தில் பாதிகூட இல்லை. அதற்குள் விரிய வேண்டும் என்றால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெளியே வந்தாக வேண்டும். வளர்ந்த ஆள், பெல்ட் போட்டு, தள்ளி உட்கார்ந்திருந்தால், அவர் முன்னால் சாய்ந்து வருவதற்குள் பை விரிந்து முடித்துக் காற்றை விடத் தொடங்கியிருக்கும். அந்தக் கணக்கில்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் சீட்டைப் பின்பக்கம் பார்த்து முன்னால் வைத்ததாக நினைத்துப் பாருங்கள். சீட்டின் முதுகு டேஷ்போர்டை ஒட்டி நிற்கும். அந்த முதுகுக்கு மறுபுறம் பாப்பாவின் தலை. பை விரிய இடமே இல்லாமல் நேராக அதன் மேல் போய் இடிக்கும். உங்கள் வண்டியின் இடது சன்வைசரை இறக்கிப் பாருங்கள், குழந்தைப் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்ட ஸ்டிக்கர் இருக்கும். இதற்காகத்தான். சில வண்டிகளில் பயணியின் ஏர்பேக்கை மட்டும் அணைக்க டேஷ்போர்டின் ஓரத்தில் சாவித் துளை இருக்கும், கதவைத் திறந்தால் தெரியும். சின்ன வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. இருந்தாலும் பின்சீட்தான் நல்லது.

மாமியார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மடியில் வைப்பது இதைவிட மோசம். நம் ஊரில் முன்பெல்லாம் இடது பக்கத்தில் ஏர்பேக்கே கிடையாது. 2021 கடைசிக்குப் பிறகு விற்கிற எல்லாப் புதுக் காரிலும் அது கட்டாயம். வண்டி மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. போன வருடம் ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை. டேஷ்போர்டில், சரியாக ஏர்பேக் மூடியின் மேலேயே, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒரு பித்தளைப் பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார்கள். சாணளவுகூட இருக்காது. அவரைப் பின்சீட்டின் சாய்வுக்குள் குத்தி நின்ற நிலையில்தான் எடுத்தேன், ரெக்சினைக் கிழித்துக்கொண்டு ஸ்பாஞ்சுக்குள் போயிருந்தார். முன்சீட்டில் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. சாமி வேண்டும் என்றால் வேறு இடத்தில் வையுங்கள், அந்த மூடி மேல் மட்டும் வேண்டாம்.

டெம்போ_தலைமுறை:

எல்லாரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள். நாங்கள் அண்ணன் தம்பி ஐந்து பேர், ஓர் அம்பாசடர் பின்சீட்டில் ஒருத்தன் மேல் ஒருத்தன் உட்கார்ந்து பழனி, திருச்செந்தூர் எல்லாம் போய் வந்தவர்கள். கார் சீட்டாவது ஒன்றாவது. ஐம்பதில் ஓட்டுங்கள், பின்னால் யாராவது குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும், போதும். பெற்றவள் பிடியைவிட ஒரு பிளாஸ்டிக் தொட்டி பெரிதா? பத்துப் பன்னிரண்டாயிரம் தண்டம்.

இயற்பியல்_வாத்தியார்:

டெம்போ சார், நீங்கள் சொன்ன ஐம்பதையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர். வண்டி எதிலோ மோதி, முன்பகுதி முக்கால் மீட்டர் அளவுக்கு நசுங்கி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். இது பெரிய விபத்துகூட இல்லை. அந்த நேரத்தில் எட்டரை கிலோ குழந்தை முன்னால் இழுக்கும் இழுப்பு சுமார் 120 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டைக்கும் மேல். முன்னறிவிப்பு இல்லாமல், கையை நீட்டிய நிலையில், இரண்டு சிமெண்ட் மூட்டையை எந்தத் தாயால் பிடிக்க முடியும்? பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை சார். அதோடு பிடித்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய அறுபது கிலோவும் குழந்தையின் மேல்தான் வந்து விழும். ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டாலும் அதே கதைதான், நடுவில் நசுங்குவது குழந்தை.

அம்பாசடரில் போய் வந்தவர்கள்தான் இன்றைக்கு வந்து எழுதுகிறார்கள். திரும்பி வராதவர்கள் எழுத மாட்டார்கள் இல்லையா.

ஏர்பேக் விஷயத்தில் அமெரிக்கா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1990 முதல் 2008 வரை, மெதுவான மோதல்களில், முன்பக்க ஏர்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290 பேருக்கு மேல் என்பது அந்த நாட்டு அரசின் கணக்கு. அதில் பயணி பக்கம் இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குழந்தைகள். 1998க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஏர்பேக் வேகத்தைக் குறைத்தார்கள், குழந்தைகளைப் பின்சீட்டுக்கு மாற்றச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள், எண்ணிக்கை விழுந்தது. பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால், 2024ல் மலப்புரத்தில் அம்மா மடியில் முன்சீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை ஏர்பேக் விரிந்து இறந்தது. அதன் பிறகு கேரளப் போக்குவரத்து ஆணையர் சைல்ட் சீட்டைக் கட்டாயமாக்கப்போவதாகச் சொன்னார், பேச்சு கிளம்பியதும் அமைச்சர் அபராதம் எதுவும் இப்போது இல்லை என்று பின்வாங்கினார். ஆனால் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 194பி, 2019 திருத்தத்தில் வந்தது. 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய். யாரும் பிடிப்பதில்லை, அது வேறு விஷயம்.

ஸ்காபரோ_அம்மா:

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் ரொறன்ரோப் பக்கம். இங்கே பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியால் வரும்போதே கார் சீட்டோடுதான் வருவோம், அதனால் மூன்று பிள்ளைகளோடு இந்தச் சீட்டுகளைக் கழற்றிப் பூட்டியே எனக்கு இடுப்பு விட்டுவிட்டது.

தங்கச்சி, காலை நினைத்துக் கவலைப்படாதீர்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு, காலைச் சாய்வில் தூக்கிப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பார்கள். வளைகிற வயது. கழுத்துதான் விஷயம். பிறந்த பிள்ளையின் உடம்பு நீளத்தில் கால்வாசி தலை, அதைத் தாங்கும் கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை. முன்னால் பார்த்து இருந்து மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னுக்குப் பறக்கும். பின்னால் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கிவிடும். இங்கே ஒன்ராறியோச் சட்டம் குறைந்தது 9 கிலோ வரை பின்னால் பார்த்துத்தான் என்கிறது. ஐரோப்பாவின் புது விதி ஆர்129, அதில் குறைந்தது 15 மாதம். குறைந்தது என்றால் அன்றைக்கே திருப்ப வேண்டும் என்று அர்த்தம் இல்லை. என் கடைசி மகனை மூன்று வயது முடியும் வரை திருப்பவே இல்லை. உங்கள் சீட்டில் பின்பக்கத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் வரை என்று ஸ்டிக்கரில் இருக்கும், அது முடியும் மட்டும் விடுங்கள். ஆரஞ்சு நிற ஸ்டிக்கர், ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்தில் எண்ணும். அது இல்லாவிட்டால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூட்டும் விதத்தில்தான் கன பேர் பிழை விடுகிறார்கள். பூட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. உங்கள் முழங்காலைச் சீட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்தால் வடிவாக இறுகும். தோள் வார் பின்னால் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ வெளியே வர வேண்டும், மேலே இல்லை. இறுக்கிய பிறகு தோளுக்குப் பக்கத்தில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளி மடிக்க முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பிள்ளை பாவம் என்று தளர்த்திவிடுவோம், நானும் செய்திருக்கிறேன், முதல் பிள்ளைக்கு.

முகம் பார்க்க ஒரு கண்ணாடி விற்கிறார்கள், பின்சீட் தலைச்சாய்வில் கட்டினால் உங்கள் உள்கண்ணாடியில் பிள்ளை தெரிவாள். ஆனால் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அழுதால் அழட்டும், ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பழைய_ஸ்பேனர்:

அந்த அம்மா சொன்னதோடு நம் ஊர் வெயிலுக்கு ஒன்று. வண்டி வெயிலில் நின்றிருந்தால் பாப்பாவை உட்கார வைக்கும் முன் பக்கிளின் இரும்பைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். நிறுத்தும்போது சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் போதும். அப்புறம் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் கார் சீட்டை நேராக வண்டியோடு மாட்டும் கொக்கி, உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பின்சீட்டின் இருக்கையும் சாய்வும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், இரும்புக் கம்பி தட்டுப்படும். உங்கள் சீட்டும் அந்த வகையாக இருந்தால்தான் அதில் மாட்ட முடியும், இல்லாவிட்டால் பெல்ட்டிலேயே கட்டலாம், ஒழுங்காகக் கட்டினால் அதுவும் நல்லதுதான்.

பொள்ளாச்சி_ரோடு:

எல்லாருக்கும் நன்றி. சன்வைசரில் நீங்கள் சொன்ன ஸ்டிக்கர் இருந்தது. இரண்டு வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்து லிப்ஸ்டிக் போட்டிருக்கிறேன், படித்ததே இல்லை.

இடது பின்சீட்டில் பெல்ட்டாலேயே கட்டினேன். முதல் தடவை கை வைத்ததும் ஆடியது, முழங்காலை வைத்து அழுத்திக் கட்டியதும் அசையவில்லை. நேற்று போய் வந்தோம். ஈச்சனாரி வரை ஒரே அழுகை, கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். மாமியார் "பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கூட்டிப் போறாளே" என்று வாசலில் நின்று கண் கலங்கினார். அந்தச் சிமெண்ட் மூட்டைக் கணக்கை மட்டும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் திரும்பி வந்ததும் அவரே வந்து பக்கிளை அழுத்திப் பார்த்தார், எப்படிக் கழற்றுவது என்று கேட்டார். கால் சரியானதும் பின்சீட்டில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவாராம்.

பழைய_ஸ்பேனர்:

நல்லது அம்மணி. ஒன்று கேட்க விட்டுவிட்டேன், உங்கள் உயரம் என்ன? குள்ளமாக இருக்கிறவர்கள் கிளட்ச் எட்டவில்லை என்று ஸ்டியரிங்கை ஒட்டி உட்காருவார்கள். அந்த ஏர்பேக்கும் அதே குத்துத்தான் விடும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டர் வேண்டும், ஒரு சாணும் கொஞ்சமும்.

பொள்ளாச்சி_ரோடு:

ஐந்தடி ஒன்று. இப்போதுதான் கீழே போய் அளந்து பார்த்தேன், ஒரு சாண்கூட முழுதாக வரவில்லை. சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளி, சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். கிளட்ச் எட்டுகிறது.