உதவி தேவை: பணியில் ஊனமான தீயணைப்பு வீரரின் காப்பீட்டுச் செலவு – மாநிலத்திடம் எவ்வளவு கேட்கலாம்? (மினசோட்டா)

சின்னக்கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம். மினியாபொலிஸ் பக்கத்தில் ஒரு சின்ன நகராட்சியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து நாலு மாசம் ஆகுது. எனக்கு முன்னாடி இருந்தவர் ஓய்வு பெற்றுட்டார். அவர் விட்டுப்போனது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் காகிதமும், யாருக்கும் புரியாத ஒரு எக்செல் கோப்பும்தான்.

பணியில் அடிபட்டு வேலையை விட்ட தீயணைப்பு வீரர்களுக்கு நகராட்சி மருத்துவக் காப்பீட்டைத் தொடர்ந்து கட்டணும், அதை மாநிலத்திடம் திருப்பிக் கேட்கலாம்னு சொன்னாங்க. சட்டப்பிரிவு 299ஏ.465. கடைசி நாள் ஆகஸ்ட் 1. இன்னைக்கு ஜூலை 17!

எங்களிடம் இருப்பவர்கள்:
அ – கூரை சரிஞ்சு முதுகு போனவர். அடிபட்டப்பவே மனைவி, பையனோட குடும்பக் காப்பீட்டில் இருந்தார். மாதப் பிரீமியம் 2024-ல் 1,750 டாலர், இந்த ஜனவரியிலிருந்து 1,900.
ஆ – தனி ஆள். 800 டாலர், இப்போ 875. போன மார்ச் 30-ல் 65 வயசு முடிஞ்சது.
இ – மன அதிர்ச்சி நோய்க்கு இப்போதான் சிகிச்சையில் இருக்கார். வேலையில்தான் இருக்கார், சம்பளமும் போகுது.

பிரீமியத்தில் 80 விழுக்காடு நகராட்சி, 20 அவங்க. 2024 முழுசுக்கும் அ, ஆ ரெண்டு பேருக்கும் சேர்த்து 30,600 டாலர்னு படிவத்தில் போட்டிருக்கேன். சரியா? இ-யையும் சேர்க்கலாமா? இன்னொன்று: பழைய காகிதத்தில், 2018, 2019-ல எல்லாம், கேட்ட தொகையும் வந்த தொகையும் ஒரு வருஷம்கூட ஒத்துப்போகலை. மேல்முறையீடு செய்யாம விட்டுட்டாங்களா?

ஏரிக்கரை:
தங்கச்சி, அந்தப் படிவத்தை அனுப்பிடாதீங்க. நான் ஒரு கவுண்டியில் (மாவட்ட நிர்வாகம் மாதிரி) பதினோரு வருஷமா இதே வேலை.

முதல் தப்பு, ஆண்டு. நம்ம நகராட்சிக் கணக்கு ஜனவரி–டிசம்பர். மாநிலத்தின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இப்போ கேட்க வேண்டியது 2024 ஜூலை – 2025 ஜூன். ஜனவரியில் பிரீமியம் ஏறுவதால் பாதி வருஷம் பழைய விலை, பாதி புது விலை. புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் வழுக்குவாங்க, நானும் வழுக்கியிருக்கேன்.

ரெண்டாவது, 20 விழுக்காட்டை எடுத்துடுங்க. சட்டம் நகராட்சி மேல வைக்கிற சுமை, முதலாளி தரவேண்டிய பங்கு மட்டும்தான். வீரர் தன் கையிலிருந்து கட்டியது உங்க செலவே இல்லை. உண்மைச் செலவுக்கு மேல ஒரு டாலர்கூட வராது.

சின்னக்கணக்கு:
அய்யோ. அப்போ அ: 1,400 × 6 + 1,520 × 6 = 17,520. ஆ: 640 × 6 + 700 × 6 = 8,040. சரியா அண்ணா?

ஏரிக்கரை:
அ சரி. ஆ தப்பு. அவருக்குத்தான் மார்ச்சில் 65 ஆயிடுச்சே? சட்டப்படி உங்க கடமை அவர் 65 வயசை எட்டுற வரைக்கும்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏன் கணக்கில் இருக்கு? நிஜமாவே கட்டினீங்களா?

சின்னக்கணக்கு:
கட்டியிருக்கோம்... யாரும் நிறுத்தலை. 2,100 டாலர்.

பனிமூட்டம்:
நகராட்சியின் பிறந்தநாள் பரிசு 😄

ஏரிக்கரை:
சிரிப்புதான், ஆனா அதை மாநிலத்தின் தலையில் கட்ட முடியாது. ஆ-வுக்கு ஜூலை–டிசம்பர் 3,840 + ஜனவரி–மார்ச் 2,100 = 5,940. மொத்தம் 23,460. ஆ மெடிகேரில் (65 வயசு ஆனவங்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) சேர்ந்துட்டாரான்னு இன்னைக்கே போன் போட்டுக் கேளுங்க. உங்க காப்பீடு இன்னும் ஓடுதுன்னு நம்பிச் சேராம இருந்தா அவருக்குத்தான் சிக்கல்.

தணல்:
நான் மனிதவளத்தில் இருக்கேன், இ பற்றி மட்டும் சொல்றேன். அவரை இந்தப் படிவத்தில் சேர்க்கவே கூடாது. 299ஏ.465 பொருந்தணும்னா மூணும் வேணும்: பணி செய்யும்போது ஏற்பட்ட பாதிப்பு, அதனால் வேலையை விட்டிருக்கணும், பணி ஊன ஓய்வூதியம் அங்கீகாரம் ஆகியிருக்கணும். அந்த ஓய்வூதியத்தைத் தருவது பெரா, அதாவது மினசோட்டாவின் பொது ஊழியர் ஓய்வூதிய அமைப்பு. உங்க இ இன்னும் வேலையில் இருக்காரே.

அவருக்கு 2023 ஜூலையில் அமலுக்கு வந்த வேற பிரிவு இருக்கு, 299ஏ.475. 2020-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை ஒரு காவலர் கொன்றதுக்கு அப்புறம் காவலர்கள் மத்தியில் மன அதிர்ச்சி நோயால் ஓய்வு கேட்டவங்க எண்ணிக்கை எகிறிடுச்சு. அதனால, ஊன ஓய்வூதியம் கேட்கும் முன்னாடி 24 வாரம் வரை சிகிச்சை எடுக்கணும்னு கொண்டுவந்தாங்க, தேவைப்பட்டா இன்னும் 8 வாரம் நீட்டிக்கலாம். அதுவரை முழுச் சம்பளமும் காப்பீடும் உண்டு. சிகிச்சைச் செலவை முதலாளி மாநிலத்திடம் கேட்கலாம். அது தனிக் கோப்பு, தனி விண்ணப்பம். ரெண்டையும் கலந்தீங்கன்னா ரெண்டுமே திரும்பி வரும்.

இன்னொன்று. இங்கே ‘இ’ன்னு எழுதினது சரி, ஆனா சின்ன ஊர், நோயின் பேரைச் சொன்னா யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. முடிஞ்சா மேலே திருத்திடுங்க.

சின்னக்கணக்கு:
நன்றி அக்கா. திருத்தப் பார்த்தேன், நேரம் கடந்துபோச்சு. இனிமே கவனமா இருக்கேன். சரி, பழைய வருஷங்கள்ல கேட்டதைவிடக் குறைஞ்சு வந்த பணம்?

ஏரிக்கரை:
அதுக்கு மேல்முறையீடு வேண்டாம், யாரும் உங்களை ஏமாத்தலை. சட்டத்தின் வாசகமே ‘செலவில் ஒரு பகுதியை ஈடுகட்ட உதவியாக’ங்கிற மாதிரிதான். அந்த வருஷம் நிதியில் இருப்பதைத் தகுதியுள்ளவங்க மத்தியில் சம பங்காப் பிரிப்பாங்க. உதாரணத்துக்கு, ஒரு பங்கு 6,000 டாலர்னு விழுந்தா, 5,940 செலவான ஆளுக்கு 5,940-தான். நிதி எவ்வளவு, எத்தனை பேர் கேட்டாங்கங்கிறதைப் பொறுத்து அந்தப் பங்கு ஏறும், இறங்கும்.

அதனால முழுத் தொகையையும் வரவேண்டிய வருமானம்னு பட்ஜெட்டில் எழுதாதீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் எழுதியிருப்பார்னு நினைக்கிறேன்.

சின்னக்கணக்கு:
அப்படியேதான் எழுதியிருக்கார்! நகரமன்றத்தில் ஒருத்தர் வருஷா வருஷம் ‘மீதி எங்கே’ன்னு கேட்டிருக்கார், கூட்டக் குறிப்பிலேயே இருக்கு.

பனிமூட்டம்:
மீதி எங்கேயும் போகலை, வரவே இல்லைன்னு சொல்லுங்க.

சின்னக்கணக்கு (ஜூலை 22):
23,460-க்குப் படிவம் அனுப்பியாச்சு. பெராவின் அங்கீகாரக் கடிதம், காப்பீட்டு நிறுவனத்தின் மாத பில்கள், நாங்க கட்டின ரசீதுகள் எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி வச்சிருக்கேன். ஆ-வுக்குப் போன் போட்டேன். மெடிகேரில் சேரவே இல்லையாம். நாங்க ஏதாவது கடிதம் அனுப்புவோம்னு காத்திருந்திருக்கார். இந்த மாசத்தோட நிறுத்தப்போறோம், ஆனா அவர் ஒரு நாள்கூடக் காப்பீடு இல்லாம இருக்கக் கூடாது. தணல் அக்கா, இதுக்கு முதலில் யாரைப் பார்க்கச் சொல்லணும்?

தணல்:
சமூகப் பாதுகாப்பு அலுவலகம். மாநிலத்தின் முதியோர் உதவி எண்ணிலும் இலவசமாச் சொல்வாங்க. அவரைத் தனியா அனுப்பாம, ஏப்ரலுக்கு அப்புறமும் நீங்க காப்பீடு கட்டினதுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்க.